குடும்பப் பெயர் என்ற கட்டம்

அன்பு மகளுக்கு,

பேரனும் நீயும் நலம் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. பிறப்புப் பதிவுப் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை எதிரே வைத்துக்கொண்டு நீயும் மாப்பிள்ளையும் விழிக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறாய். சம்பந்தியோ சாதிப் பட்டத்தைப் போடச் சொல்கிறாராம். "வெள்ளைக்காரனுக்கெல்லாம் வம்சப் பெயர் இருக்கும்போது நமக்கு மட்டும் என்ன குறைச்சல்?" என்று கேட்டாராம். வெள்ளைக்காரனுக்கு அந்த வம்சப் பெயர் எப்படி வந்தது என்பதை அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். வேலையில் இருந்து ஓய்வு பெற்ற நூலகருக்கு இதைவிட நல்ல பொழுது எது?

திருச்சிக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு பெயரையே எடுத்துக்கொள்கிறேன்: காட்டன். முக்கொம்பு மேலணை கட்டிய ஆர்தர் காட்டன். பருத்தி வியாபாரம் செய்த பரம்பரை என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். பருத்தியைக் குறிக்கும் சொல் அரபியிலிருந்து போனது. இந்தப் பெயருக்கும் அதற்கும் உறவே இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'காட்' என்றால் குடிசை. 'குடிசைகளின் பக்கம்' என்று சொல்லிச் சொல்லி, அதுவே சிற்றூர்களுக்குப் பெயராகிவிட்டது. நீ இருக்கும் கேம்பிரிட்ஜுக்கு மேற்கே, கோட்டன் என்று ஒரு கிராமம் இருக்கிறதே, அதுவும் இதே வகைதான். சஃபோக்கிலும் ஸ்டாஃபோர்ட்ஷயரிலும் காட்டன் என்றே ஊர்கள் உண்டு. அப்படி ஓர் ஊரிலிருந்து வேறிடத்துக்குக் குடிபெயர்ந்தவனை அக்கம்பக்கத்தார் 'காட்டன்காரன்' என்றார்கள். நிலப் பதிவேட்டிலும் வரிக் கணக்கிலும் எழுத்தர்கள் அதையே எழுதினார்கள். 1400-க்குள் பெரும்பாலான ஆங்கிலக் குடும்பங்களில் இத்தகைய பெயர்கள் பிள்ளைக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டன. பல ஊர்களில் தனித்தனியாகப் பிறந்த பெயர் என்பதால், இரண்டு காட்டன்கள் சந்தித்தால் சொந்தக்காரர்களாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. வம்சப் பெருமை எங்கே இருக்கிறது, சொல்.

பெருமை தேடியவரும் ஒருவர் இருந்தார். ராபர்ட் காட்டன் (1571–1631), என் மனத்துக்கு நெருக்கமானவர். ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசரானதும், தமக்கும் ஸ்காட்லாந்தின் புரூஸ் அரச குலத்துக்கும் தொடர்பு உண்டு என்று சொல்லி 'ராபர்ட் புரூஸ் காட்டன்' ஆகிவிட்டார். பதவிக்காகப் பெயரை நீட்டுவது நம்மூருக்கு மட்டும் சொந்தமான கலை இல்லை! அதை மன்னித்துவிடலாம், ஏனென்றால் அவர் சேர்த்த சுவடிகள் அப்படிப்பட்டவை. மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215-இன் மாக்னா கார்ட்டா சாசனத்தின் பிரதிகளில் இன்று எஞ்சியிருப்பவை நான்கு. அவற்றில் இரண்டு அவரிடம் இருந்தன. பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்துக்கு உலகத்தில் இருக்கும் ஒரே கைப்பிரதியும் அவருடையதே. அலமாரிகள் ஒவ்வொன்றின் மேலும் ஒரு ரோமானியப் பேரரசரின் மார்பளவுச் சிலை. கூடவே கிளியோபாட்ராவும் ஃபாஸ்டினாவும். பேவுல்ஃப் பிரதியின் எண் 'விட்டேலியஸ் ஏ 15'. விட்டேலியஸ் தலைக்குக் கீழே, முதல் தட்டில், பதினைந்தாவது புத்தகம் என்று பொருள். லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூல் 'நீரோ டி 4'. அந்த அலமாரிகள் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. பிரிட்டிஷ் நூலகம் இன்றும் அந்த எண்களை மாற்றவில்லை. நூல்களை வகைப்படுத்தும் தசம எண்களோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டிய எனக்கு இதைப் படித்தபோது பொறாமையாகவே இருந்தது. 1731-இல் அந்தத் தொகுப்பு இருந்த கட்டடம் தீப்பிடித்தது. சுவடிகளை ஜன்னல் வழியாக வெளியே எறிந்து காப்பாற்றினார்கள். பேவுல்ஃப் ஓரம் கருகியதோடு தப்பியது. மாக்னா கார்ட்டா ஒன்றின் முத்திரை உருகிப்போனது. லண்டன் போகும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வா.

ஜான் காட்டன் என்ற மதகுரு 1633-இல் அமெரிக்காவின் பாஸ்டனுக்குக் கப்பலேறினார். அவருடைய மகள் வழிப் பேரனுக்குத் தாத்தாவின் குடும்பப் பெயரையே முதல் பெயராக வைத்தார்கள்: காட்டன் மேதர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது அங்கேயும் உண்டு என்று சம்பந்தியிடம் சொல். அந்தப் பேரன் அமெரிக்காவின் சேலம் ஊரில் நடந்த சூனியக்காரி விசாரணைகளுக்கு வக்காலத்து வாங்கியவர். அவரே 1721-இல், தம்மிடம் அடிமையாக இருந்த ஒனேசிமஸ் என்ற ஆப்பிரிக்கர் சொல்லக் கேட்டு, பெரியம்மைக்குத் தடுப்பு குத்த வேண்டும் என்று ஊரை எதிர்த்து நின்றார். ஒரே ஆளுக்குள் இரண்டும்.

ஆர்தர் காட்டனைப் பற்றி உனக்குப் பள்ளியிலேயே சொல்லியிருப்பார்கள். கொள்ளிடத்தின் படுகை தாழ்வாக இருந்ததால் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடி, காவிரி மணல் மேடிட்டுக் கிடந்தது. 1836–38-இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டித் தண்ணீரைத் தஞ்சைப் பக்கம் திருப்பினார். மணலில் அடித்தளம் போடுவதைக் கல்லணை கட்டியவர்களிடம் கற்றதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அந்த மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனபோது, திருச்சியே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. கோதாவரிக் கரையில் அவருக்கு ஊருக்கு ஊர் சிலை இருக்கிறது.

இன்னொரு காட்டன், ஹென்றி, நம் கும்பகோணத்திலேயே 1845-இல் பிறந்தவர். ஐ.சி.எஸ். அதிகாரியாக அசாமுக்குப் போய், தேயிலைத் தோட்டக் கூலிகளுக்கு ஊதியம் உயர வேண்டும் என்று தோட்ட முதலாளிகளைப் பகைத்துக்கொண்டார். ஓய்வு பெற்ற பிறகு, 1904 பம்பாய் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். குவாஹாட்டியில் அவர் பெயரிலான கல்லூரி இன்று பல்கலைக்கழகம்.

இத்தனை பேருக்கும் முன்னால் நிற்பது ஒரு குடிசைப் பக்கத்து ஊர். உன் தாத்தா கையெழுத்தில் முதலில் நின்ற 'கு' எது? குளித்தலை. அவர்கள் ஊரை முழுதாக எழுதிப் பின்னால் வைத்தார்கள், நாம் ஓரெழுத்தாகச் சுருக்கி முன்னால் வைத்தோம். பட்டத்தை உன் தாத்தா தாமாகவே உதறினார். அதைக் கடல் தாண்டிப் போய் அவருடைய கொள்ளுப்பேரன் தலையில் ஏற்ற வேண்டாம். மாப்பிள்ளையின் பெயரையோ உன் பெயரையோ போடுங்கள். இல்லையென்றால் குளித்தலை என்றே எழுதுங்கள். பெற்றோரின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று அந்த நாட்டில் கட்டாயம் இல்லை. வகுப்பில் வாத்தியார் வாய் குழறினால் குழறட்டும், இரண்டு மாதத்தில் பழகிவிடும்.

பதிவுக்கு அங்கே 42 நாள்தான் கெடு என்கிறார்கள், தள்ளிப்போடாதே. சம்பந்தியிடம் நானே பேசிக்கொள்கிறேன்; மாப்பிள்ளையை இடையில் மாட்டிவிடாதே. பிரசவ லேகியம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், காலையில் வெறும் வயிற்றில் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா