நிலம், விபத்து, வாரிசு: மூன்றும் ஒரே வீட்டு வழக்கு
சேலம் இளம் வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர் என்னிடம் ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். கிரிமினல் பக்கம் போனால் பேர் கிடைக்கும், சென்னைக்குப் போனால் காசு கிடைக்கும். நீங்கள் ஏன் நிலத் தகராறு, விபத்து இழப்பீடு, வாரிசுரிமை என்று இதையே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று. வராந்தாவில் நின்று சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

தாத்தா இறந்த பிறகு மாமன்மார் என் அம்மாவை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு அழைத்துப் போய், தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அம்மாவுக்கு அதில் வருத்தம் இல்லை. "சீர் செஞ்சாச்சு, பொறந்த வீட்டு வாசல் திறந்திருந்தாப் போதும்" என்றுதான் கடைசிவரை சொன்னார். ஆனால் தாத்தாவின் பங்கில் மகன்களுக்குச் சமமாக மகளுக்கும் உரிமை உண்டு என்று 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்வதை அன்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. எழுதியவர் சொல்லவில்லை, சாட்சி போட்டவர் சொல்லவில்லை. சட்டம் படித்த பிறகு அந்தப் பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். "எவ்விதத் தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இல்லாமல் முழு மனச் சம்மதத்துடன்" என்ற வரி, அதற்குக் கீழே அம்மாவின் கோணல் மாணலான கையெழுத்து. தெரிந்து விட்டுக்கொடுப்பது வேறு, தெரியாமல் பறிகொடுப்பது வேறு. சிவில் பக்கம் நான் வந்தது அந்தக் கையெழுத்தால்தான்.

விபத்து வழக்குக்கு என்னை இழுத்தது ஏற்காடு மலைப்பாதை. 20 கொண்டை ஊசி வளைவுகள். காபித் தோட்டத்துக்குப் போகிறவர்கள் பஸ் தவறினால் மிளகு மூட்டையோடு மூட்டையாகச் சரக்கு வண்டியில்தான் ஏறுகிறார்கள். வண்டி கவிழ்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது, இவர் ஏன் அந்த வண்டியில் போனார் என்பதைத்தான். சும்மா தொற்றிக்கொண்டு போனவருக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மூட்டைக்குச் சொந்தக்காரராகவோ அவர் அனுப்பிய ஆளாகவோ போயிருந்தால் பொறுப்பு உண்டு. வண்டி முதலாளியிடம் சம்பளம் வாங்கும் லோடுமேன் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. எது உண்மையோ அது முதல் தகவல் அறிக்கையிலேயே சரியாக ஏறியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டுக்காரர்கள் பிணவறை வாசலில் நிற்பார்கள். கூட நிற்க ஒரு வக்கீல் வேண்டாமா? சதவீதம் பேசிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புகிறவர்களைச் சொல்லவில்லை. கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது. அதை நீங்கள் செய்யவே கூடாது.

அப்புறம் கூலி நோட்டு. ஒரு பெண், விபத்தில் இறந்த புருஷனின் கூலி நோட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். பென்சிலில் எழுதிய வாரக்கணக்கு, பாதி அழிந்திருந்தது. அவர் அதைத் தூக்கி எறியத்தான் இருந்தார். ஆனால் வழக்கே அதில்தான் இருந்தது. மாத வருமானம் இவ்வளவு என்று அதை வைத்துக் காட்டினால்தான் மற்ற கணக்கெல்லாம் ஓடும்: ஆண்டு வருமானமாக்கி, 40 வயதுக்குக் கீழே என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டி, இறந்தவரை நம்பி நான்கு பேர் இருந்ததால் அவருடைய சொந்தச் செலவுக்கென்று கால் பங்கு கழித்து, அவருடைய 32 வயதுக்கு உரிய பெருக்கு எண்ணான 16ஆல் பெருக்க வேண்டும். நோட்டு இல்லாவிட்டால் தீர்ப்பாயம் குத்துமதிப்பாக ஒரு கூலியைப் போடும், அது அநேகமாகக் குறைவாகத்தான் இருக்கும். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற கெடுவும் 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் ஏறியிருக்கிறது. அதை எதிர்த்து வழக்குகள் நடந்தாலும், கெடு இருக்கிறது என்று நினைத்தே வேலை செய்யுங்கள்.

இழப்பீட்டோடு அந்த வீட்டுக் கஷ்டம் தீர்வதில்லை. வாரிசுச் சான்றிதழில் மாமியார் பெயர் இல்லை என்று ஒரு சண்டை. பட்டா இன்னும் செத்துப்போன மாமனார் பெயரிலேயே இருக்கும். கொழுந்தனார் வேலியை நகர்த்தியிருப்பார். விபத்துக்கு ஒரு வக்கீல், நிலத்துக்கு ஒரு வக்கீல் என்று அந்தப் பெண் மலையிலிருந்து எத்தனை முறை இறங்குவார்? மூன்றையும் ஒரே கையில் எடுக்கிறவன் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இன்னொரு சிக்கல் உண்டு. இங்குள்ள மலையாளி மக்கள் (கேரளத்தவர் அல்ல, மலைவாழ் மக்கள்) பழங்குடியினர் பட்டியலில் இருப்பவர்கள். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2(2) பிரிவு பழங்குடியினரை அந்தச் சட்டத்துக்கு வெளியே நிறுத்துகிறது. கீழே சமவெளியில் பெண்களுக்கு 1989இல் மாநிலத் திருத்தத்திலும் 2005இல் மத்தியத் திருத்தத்திலும் கிடைத்த பூர்வீகச் சொத்துச் சமபங்கு, மேலே பிறந்த பெண்ணுக்குத் தானாகக் கிடைக்கவில்லை. இதை மாற்றுவது பற்றி யோசிக்கும்படி 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னது. பெண்ணுக்குப் பங்கில்லை என்று வழக்காறு நிரூபிக்கப்படாவிட்டால் பழங்குடிப் பெண்ணுக்கும் சமபங்கு உண்டு என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எனவே நிரூபிக்க வேண்டியது மறுக்கிறவர் பொறுப்பு. "எங்க வழக்கத்துல பொண்ணுக்குக் கொடுக்கறதில்ல" என்று ஒருவர் சொன்னதும் எழுதித் தந்துவிட்டு வந்த பெண்கள் ஏராளம். அந்த இடத்தில் அவர்களுக்காகப் பேச ஆள் இல்லை.

விஜயராகவாச்சாரியாரும் ராஜாஜியும் வக்கீல்களாகக் கோட்டுப் போட்ட ஊர் இது. உங்களிடம் நான் கேட்பது சின்னதுதான். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட ஒரு பெண் வந்தால், அண்ணன் தம்பிகளைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் பங்கு எவ்வளவு, இன்றைய விலைக்கு அது எவ்வளவு பெறும் என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் கொடுக்க விரும்பினால் கொடுக்கட்டும், அது அவர் மனசு.

இன்னொன்று. 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தர வழி இருக்கிறது. இந்த மூன்று வகை வழக்கும் தெரிந்தவர்கள் அந்த வக்கீல் பட்டியலில் இருந்தால்தான் அந்த வழி பயன்படும். உங்கள் பெயரைக் கொடுங்கள். பழைய பத்திரங்களைப் படிக்கச் சொல்லித்தர நான் இருக்கிறேன், சாயங்காலம் ஆபீசுக்கு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சீனியர்களில் ஒருவன்
சேலம்