உடும்பின் சொந்தத்தை டைனோசர் வீட்டில் சேர்க்காதீர்கள்

தமிழ் நாளிதழ்களின் அறிவியல் பக்க ஆசிரியர்களுக்கு,

வணக்கம். எங்கேயாவது பாறையில் பழைய கடல் ஊர்வன ஒன்றின் எலும்பு கிடைத்தால், 'கடல் டைனோசர்' என்று தலைப்பு வந்துவிடுகிறது. எத்தனை அடி நீளம், எத்தனை டன் எடை என்று எழுதுகிறீர்கள். சரி, அது எந்த விலங்குக்கு உறவு என்று ஒரு வரி சேர்த்துப் போடக் கூடாதா?

மோசசாரஸ் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவையே எடுத்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரை ஒட்டிய சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் 18ஆம் நூற்றாண்டில் அதன் பிரம்மாண்டமான தாடைகள் கிடைத்தன. முதலை என்றார்கள் சிலர். டச்சு உடற்கூறியலாளர் பீட்ரஸ் காம்பர் திமிங்கிலம் என்றார். 1794இல் ஊரைப் பிடித்த பிரெஞ்சுப் படை தாடையையும் கையோடு கொண்டுபோனது. (600 புட்டி ஒயின் பரிசு என்று அறிவித்துத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்வார்கள். நல்ல கதை, நம்ப வேண்டாம்.) இன்றும் அது பாரிஸ் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.

காம்பரின் மகன் அட்ரியான்தான் அப்பாவை மறுத்து, இது பல்லி இனம், உடும்புக்கு உறவு என்றார். பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே 1808இல் அதை ஆமோதித்தார். சான்று எலும்பிலேயே இருக்கிறது. மேல் அண்ணத்தில் உள்ளே தள்ளி இன்னொரு வரிசைப் பற்கள். முதலைக்கு அப்படிக் கிடையாது, பாம்புகளுக்கு உண்டு. கீழ்த்தாடையின் நடுவே கூடுதலாக ஒரு மூட்டு. அது உடும்புக்கும் உண்டு. நெருங்கிய சொந்தம் உடும்பா பாம்பா என்பதில் ஆய்வாளர்களுக்குள் வழக்கு இன்னும் முடியவில்லை. இரண்டில் எதுவானாலும் டைனோசர் இல்லை. தொடை எலும்பு பொருந்தும் இடுப்புக் குழியில் திறப்பு, உடலுக்கு நேர் கீழே நிற்கும் கால்கள் என்று டைனோசருக்கு அடையாளங்கள் வேறு. அந்தக் கிளையில் இன்று மிஞ்சியிருப்பவை பறவைகள். உங்கள் அலுவலக ஜன்னலில் வந்து கத்தும் காக்கையை டைனோசர் என்று எழுதினால் நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

இக்தியோசார், பிளீசியோசார் என்ற மற்ற பழங்காலக் கடல் ஊர்வனவும்கூட டைனோசர்கள் அல்ல. அதிலும் இக்தியோசார்கள் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த விண்கல்லின் கணக்கில் அவற்றையும் எழுதிவிடாதீர்கள்.

அப்புறம், ஓவியரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: மோசசாரஸின் முதுகில் சீப்பு மாதிரி முள்வரிசை வேண்டாம், அது பழைய தவறு. வால் நுனியில் துடுப்பு வரையலாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்