ஏழு மணிக்கு என்ன செய்வாய் என்று கேட்டிருந்தாய்

ஆரல்வாய்மொழி,
வைகாசி 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன், நீ கேட்ட கேள்விக்கு அவசரத்தில் பதில் சொல்லக்கூடாது என்று எடுத்து வைத்துவிட்டேன். நேற்று ராத்திரி இங்கே காற்று பிடித்துவிட்டது. ஜன்னல் கதவெல்லாம் அடித்துக்கொள்கிறது, பின்னால் வாழைத்தோட்டம் முழுக்க ஒரே இரைச்சல். கணவாய்க்குள் கச்சான் காற்று இறங்கிவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்பது உனக்குத் தெரியும். முப்பது வருடம் காற்றாலையில் கிடந்தவனுக்கு அது வேலைக்குக் கூப்பிடுகிற சத்தம். சரி, படுத்துப் புரள்வதற்கு எழுதியாவது தீர்ப்போம் என்று விளக்கைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் எல்லாரும் சுகம். பெரிய செய்தி, மொட்டை மாடியில் சோலார் போட்டாச்சு. மூன்று கிலோவாட். மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் கணக்கில் வந்து சேர்ந்தது. வெயில் நன்றாக அடித்தால் நாளுக்குப் பன்னிரண்டு யூனிட் கிடைக்கிறது. காற்றடி காலத்தில் புழுதி வந்து படியும், அதனால் காலையில் வாளியும் துணியுமாக நானே ஏறித் துடைக்கிறேன். பேரன் கீழே மீட்டர் பெட்டி முன்னால் நின்று எண்ணைக் கத்திச் சொல்வான். பகல் முழுக்க நாங்கள் கிரிட்டுக்கு, அதாவது ஊர் மின்கம்பி வலைக்குக் கொடுக்கிறோம், பொழுது சாய்ந்ததும் திரும்ப வாங்குகிறோம். உன் கேள்வியும் அதே இடத்தில்தானே வந்து நிற்கிறது!

"பகலில் உன் சோலார் ஓடும், ஆடியில் உன் காற்றாடி ஓடும், சாயங்காலம் ஏழு மணிக்கு ஊரே லைட்டும் ஏசியும் போடும்போது எரிவது எங்கள் கரிதானே" என்று எழுதியிருந்தாய். ஆமாம், இன்றைய நிலைமையில் அது உண்மை. பாலிடெக்னிக் முடித்து நீ தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்குப் போனாய், நான் பொட்டல்காட்டில் காற்றாடி நட வந்தேன். ஒடிசாவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய கரியை ராப்பகலாக எரித்து, ஐந்து மிஷினில் 1,050 மெகாவாட் தந்தீர்கள். நம் வயதுக்காரர்கள் படித்ததும் பிழைத்ததும் அந்த வெளிச்சத்தில்தான், அதை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய எழுநூறு கிராம் கரி, புகைபோக்கி வழியாகக் கிட்டத்தட்ட ஒரு கிலோ கரியமில வாயு. இந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நீதான்.

2023 டிசம்பர் 17ஐ நீயும் மறந்திருக்கமாட்டாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். உங்கள் பக்கம் வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம் ஒரு நாளில் கொட்டிவிட்டது. நான்காம் நாள் உன் வீட்டுக்கு வந்தபோது சுவரில் இடுப்புயரத்தில் தண்ணீர் நின்ற கோடு பழுப்பாக இருந்தது. தங்கச்சி ஈரத்தில் ஊறிய கல்யாண ஆல்பத்தை ஒவ்வொரு ஏடாகப் பிரித்து வெயிலில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு மழைக்கு இந்தக் கரிப்புகைதான் காரணம் என்று அடித்துப் பேச நான் விஞ்ஞானி இல்லை. ஆனால் ஒரு டிகிரி சூடு ஏறினால் காற்று ஏழு சதவீதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது, கடல் சூடாகிக்கொண்டே வருகிறது, சுமந்ததை ஓரிடத்தில் இறக்கத்தானே வேண்டும்? அந்த ஆல்பத்தைப் பார்த்ததிலிருந்து இந்த விஷயத்தை வெறும் பேச்சாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை, மாப்பிள்ளை.

உன் கேள்விக்கு வருகிறேன். நம்மிடம் காற்றும் வெயிலும் இல்லாமல் இல்லை. கிடைக்கும்போது பிடித்து வைக்க இடம் இல்லை, அதுதான் குறை. ஆடியில் நடந்த ஒன்றை முன்பே சொல்லியிருப்பேன், மறுபடி சொல்கிறேன். ஒரு ராத்திரி கியர் ஆயில் பார்க்க மேலே ஏறியிருந்தேன். டவருக்குள் இரும்பு ஏணி, மேலே போகப்போக டவரே தொட்டில் மாதிரி ஆடும், மிஷின் அறைக்குள் ஆயில் வாசனையும் சூடுமாக இருக்கும். வெளியே அப்படி ஒரு காற்று. அதற்காகத்தான் வருடமெல்லாம் காத்திருப்போம். அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து போன் வருகிறது: கிரிட்டில் ஆள் இல்லை, மிஷினை நிறுத்து. ஊர் தூங்குகிறது, கரண்ட் வாங்க யாருமில்லை. பிளேடைத் திருப்பி நிறுத்திவிட்டு, ஒரு பைசா செலவில்லாமல் வந்த காற்று சும்மா கடந்து போவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். தூற்றிய நெல்லைக் கொட்ட எங்களிடம் குதிர் இல்லை.

அந்தக் குதிர் எப்படி இருக்கும் என்று போன மாதம் ஓரளவு புரிந்தது. மகன் வால்பாறைக்குக் கூட்டிப் போனான். அட்டகட்டி பக்கம் வண்டியை நிறுத்தி, காடம்பாறை மின்நிலையம் இந்த மலைக்குள்ளேதான் இருக்கிறது என்று காட்டினான். நாம் பாடத்தில் கேட்டதுதான், எண்பதுகளில் கட்டியது, நூறு நூறாக நான்கு மிஷின், மொத்தம் 400 மெகாவாட். கரண்ட் மிஞ்சும்போது கீழே இருக்கிற மேல் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றிவிடுகிறார்கள், தேவைப்படும்போது அதே தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். நூறு யூனிட் செலவழித்து ஏற்றினால் எழுபத்தைந்து போலத் திரும்பக் கிடைக்கும். இருபத்தைந்து நட்டம்தானே என்பாய். நான் அந்த ராத்திரி நிறுத்தி வைத்தேனே, அதில் நூறும் நட்டம்! நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இதே மாதிரி ஒன்று கட்டும் வேலையை எடுத்திருக்கிறார்கள். இதை இருபது வருடத்துக்கு முன்னாலேயே முடித்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட் வரை போனது. அதற்கு முன்னால் 400 எந்த மூலைக்கு? பேட்டரியும் சேர வேண்டும். 2010இல் இருந்த விலையில் பத்தில் ஒரு பங்குக்கு இப்போது இறங்கிவிட்டது, மாடியில் சோலார் போட்டவர்கள் ஒரு சின்னப் பேட்டரி வைத்துக்கொண்டாலே சாயங்காலச் சுமை கொஞ்சம் இறங்கும்.

இன்னொன்று, பழைய காற்றாடிகள். 1986இல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் ஆரம்பித்தபோது 55 கிலோவாட் மிஷின். பிறகு முப்பந்தலில் வரிசையாக நட்டதில் 225 கிலோவாட் நிறைய, பிளேடு பதின்மூன்று மீட்டர். இன்று வருவது எழுபது மீட்டர். பிளேடு இரண்டு மடங்கானால் அது வளைத்துப் பிடிக்கிற காற்று நான்கு மடங்கு. நாட்டிலேயே அருமையான காற்று ஓடுகிற இடத்தில் அந்தப் பழைய மிஷின்கள் இன்னமும் நின்றுகொண்டிருக்கின்றன. மாற்றுவதற்கு 2024இல் அரசு கொள்கை ஒன்று கொண்டுவந்தது. ஆனால் ஒவ்வொரு மிஷினும் ஒவ்வொருவருடையது, நிலம் துண்டு துண்டு, புதியதற்கு இடைவெளி அதிகம் வேண்டும். எல்லாரையும் ஒரே பாயில் உட்கார வைத்துப் பேசாமல் நடக்காது.

எங்கள் பக்கத்துத் தப்பையும் எழுதிவிடுகிறேன். மிஷின் ஏற்றிப் போக அகலமாக ரோடு போட்டபோது ஒரு ஓடையை மேடாக்கிவிட்டார்கள். குழாய் பதித்தார்கள், போதவில்லை. அந்த ஓடை போய்ச் சேர்கிற குளம் இரண்டு மழைக்கு நிரம்பவே இல்லை. ஒரு பெரியவர் என்னிடம் வந்து, "நீங்க நல்ல காரியம்தான் செய்றீங்க தம்பி, எங்க தண்ணியை ஏன் மறிச்சீங்க?" என்று கேட்டார். கடைசியில் ஓடையை மறுபடி வெட்டிவிட்டார்கள், ஆனால் எத்தனை முறை எழுதிக் கொடுத்த பிறகு தெரியுமா. புகை வராத கரண்ட் என்பதற்காக ஊர்க்காரன் குளத்தைக் கேட்காமல் எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை கிடையாது. புதிதாக மிஷின் நட வருகிற பையன்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: மழைக்காலத்தில் ஒருமுறை வந்து தண்ணீர் எந்த வழியில் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு ரோடு போடு.

கார்த்திகை, மார்கழியில் காற்றும் இருக்காது, வானமும் மூடியிருக்கும், அப்போது என்ன என்று அடுத்த கடிதத்தில் நிச்சயம் கேட்பாய். அந்த மாதங்களில் தேவை குறைவு, அணைகளிலும் தண்ணீர் இருக்கும். அப்படியும் பற்றாமல் கொஞ்ச நாள் உங்கள் கரி எரியத்தான் செய்யும். எரியட்டும், மாப்பிள்ளை. வருடம் 365 நாளும் எரிவதும் நாற்பது நாள் எரிவதும் ஒன்றா?

ஆனி பிறந்ததும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு கிளம்பி வா. இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா. உன் வீட்டு மாடி எவ்வளவு நீளம் அகலம், தண்ணீர்த் தொட்டி நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓடுகிறது என்று ஒரு தாளில் குறித்துக் கொண்டுவா, உட்கார்ந்து கணக்குப் போடுவோம். மீட்டர் பெட்டியை மட்டும் அந்தத் தண்ணீர்க் கோட்டுக்கு மேலே வைக்கச் சொல்லவேண்டும்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை