ஜீப்பில் ஏற்றிய நேரமே கைது நேரம்: நீலகிரியின் காவல், வனத்துறை அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மாவட்டத்தின் காவல் நிலையங்களிலும் வனச்சரகங்களிலும் கைது செய்யும் அதிகாரத்தோடு பணியாற்றும் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

"சும்மா விசாரணைக்குத்தான், காலையில அனுப்பிடுவோம்" என்று சொல்லி, ஒரு பாடியிலிருந்தோ (பழங்குடிக் குடியிருப்பு) எஸ்டேட் லைன் வீட்டிலிருந்தோ ஒருவரை ஜீப்பில் ஏற்றினால், சட்டப்படி கடிகாரம் அங்கேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. கைதுக் குறிப்பில் நேரத்தை மறுநாள் மாலை என்று எழுதினாலும் அது நிற்பதில்லை. ஒருவர் தன் விருப்பப்படி எழுந்து வீட்டுக்குப் போக முடியாத நிலை எப்போது வந்ததோ அதுதான் கைது. நிலைய எழுத்தர் (ரைட்டர்) பேனாவை எடுக்கும் நேரம் அல்ல.

அரசியலமைப்பின் 22(2) பிரிவு 24 மணி நேரம் தருகிறது. கைதான இடத்திலிருந்து நீதிமன்றத்துக்குப் போகும் பயண நேரத்தை மட்டும் கழித்துக்கொள்ளலாம். மலையில் இந்தக் கழிவு முக்கியம்தான். கூடலூரிலிருந்து ஊட்டிக்கு 50 கிலோமீட்டர்; தென்மேற்குப் பருவத்தில் நடுவட்டம் பக்கம் மரம் விழுந்தால் சாலை எப்போது திறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சாலையில் கழிந்த நேரத்தைத்தான் கழிக்கலாமே தவிர, நிலையத்தில் உட்கார வைத்திருந்த நேரத்தை அல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 58ஆவது பிரிவு உங்களுக்கு ஒரு வசதியும் செய்து தந்திருக்கிறது. வழக்கு எல்லை தன்னுடையதா இல்லையா என்பதைப் பார்க்காமல், அருகிலுள்ள எந்த நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்பும் நிறுத்தலாம். ஊட்டி சாலை அடைபட்டால் கூடலூரும் பந்தலூரும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை என்றால் நடுவரின் வீடு இருக்கிறது.

நேரத்தை மாற்றி எழுதுவது நீதிமன்றத்தில் நிற்காது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா நிலையங்களிலும் ஒலியோடு சிசிடிவி இருக்க வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், கருவி இடம் கொடுக்காவிட்டால் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்தப் பதிவைத்தான். அடுத்து ஜீப்பின் பயணப் பதிவேடு, அதன் பிறகு நிலையத்தின் பொது நாட்குறிப்பு. மூன்றிலும் மூன்று நேரம் இருந்தால் வழக்கே ஆட்டம் காணும். அப்போது பாதிக்கப்பட்டவருக்கும் நியாயம் கிடைக்காது.

அடுத்தது, காரணத்தை எழுத்தில் தருவது. அரசியலமைப்பின் 22(1) பிரிவின்படி கைதானவருக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதை எந்தக் குற்றத்துக்கும் பொருந்தும் விதியாக்கியது: காரணம் எழுத்தில் இருக்க வேண்டும், கைதானவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். உடனே எழுதித் தர முடியாவிட்டால் வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்கு நிறுத்துவதற்கு 2 மணி நேரம் முன்பாவது கையில் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம்.

இங்கேதான் பெரும்பாலான தாள்கள் தோற்கின்றன. "தப்பி ஓடக்கூடும், சாட்சிகளைக் கலைக்கக்கூடும், மேல்விசாரணை தேவை" என்ற வரிகள் எந்த வழக்குக்கும் பொருந்தும். ஆகவே அவை காரணம் ஆகா. உச்ச நீதிமன்றத்தின் 2024 மே மாதத் தீர்ப்பு, பொதுவான வரிகளுக்கும் ஒருவருக்கே உரிய காரணத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகவே பிரித்துக் காட்டியது. காரணம் என்றால் இப்படி இருக்க வேண்டும்: "இன்ன தேதி இரவு, இன்ன தேயிலைத் தொழிற்சாலையின் ஸ்டோரிலிருந்து செம்புக் கம்பி எடுத்ததாக உங்கள் மேல் புகார். காவலாளி உங்களைப் பார்த்ததாகச் சொல்கிறார். கம்பி உங்கள் வீட்டுக்குப் பின்னால் கிடைத்தது." இதைப் படித்தால்தான் ஒருவரால் "அன்று நான் மேட்டுப்பாளையத்தில் இருந்தேன்" என்று தன் வழக்கறிஞரிடம் சொல்ல முடியும்.

புரியும் மொழி என்பது இந்த மாவட்டத்தில் லேசான விஷயமல்ல. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு பழங்குடிகள் இங்கே உண்டு. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து கொழுந்து பறிப்பவர்கள் உண்டு. பணிய மூதாட்டி ஒருவரிடம் தமிழில் அச்சடித்த தாளில் ரேகை வாங்கினால் சட்டம் நிறைவேறியதாகாது. தாளைத் தமிழில் எழுதுங்கள். அந்த மொழி தெரிந்தவரைக் கொண்டு வாய்விட்டு வாசித்துச் சொல்ல வையுங்கள். வாசித்தவர் தன் பெயர், ஊர், நேரத்தை எழுதிக் கீழே கையெழுத்திடட்டும். கைதுக் குறிப்புக்கு நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36ஆவது பிரிவு கேட்கும் சாட்சி, குடும்பத்தில் ஒருவர் அல்லது அந்த வட்டாரத்தின் மதிப்புக்குரிய ஒருவர். ஊர் மூப்பன் அங்கேயே இருக்கும்போது, நிலையத்துக்கு எதிர்க்கடைக்காரரைச் சாட்சியாகப் போடாதீர்கள். வெற்றுத் தாளில் ரேகை வாங்குவதைப் பற்றி நாங்கள் வாதிடக்கூட விரும்பவில்லை. அது கூடவே கூடாது.

வனத்துறையினருக்குத் தனியாக ஒரு வார்த்தை. காவல் அலுவலரிடம் சொன்ன குற்ற ஒப்புதலை, சொன்னவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்கிறது சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23ஆவது பிரிவு. வன அலுவலர் காவல் அலுவலர் அல்ல என்று உயர் நீதிமன்றங்கள் கருதிவந்திருப்பதால், உங்கள் முன் தரப்படும் வாக்குமூலத்துக்கு அந்த வேலி இல்லை. அதனாலேயே உங்கள் பொறுப்பு கூடுகிறது. யாரும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்ற அரசியலமைப்பின் 20(3) பிரிவு உங்களையும் கட்டும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சாட்சியம் பதியும் அதிகாரம், அரசு அதிகாரமளித்த, உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அலுவலருக்கே உண்டு. அந்தச் சாட்சியமும் குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிந்திருந்தால்தான் விசாரணையில் ஏற்கப்படும். வனச்சரகர் எழுதி வாங்கியதை அந்த அதிகாரத்தின்கீழ் வந்ததாகக் காட்ட முடியாது. பிடிபட்டவரை உடனே நடுவர் முன் கொண்டுபோக வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் 50(4). சரக அலுவலகத்தின் பின்னறை எந்தச் சட்டத்திலும் காவலில் வைக்கும் இடம் அல்ல.

உடல்நலத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இங்குள்ள பழங்குடியினரிடையே அரிவாள் செல் சோகை உண்டு. இந்த நோய் உள்ளவருக்குக் குளிரும் தண்ணீர்க் குறைவும் ஆபத்து. ரத்தக் குழாய் அடைபட்டுத் தாங்க முடியாத வலி வரும். டிசம்பர் இரவில் லாக்கப் தரையில் போர்வையில்லாமல் படுத்தால் அது நடக்கலாம். முனகுகிறவர் நடிக்கிறார் என்று விட்டுவிட்டால் உயிரே போகலாம். கொண்டுவந்தவுடன் கேளுங்கள்: மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா, நோய்க்கான அட்டை இருக்கிறதா? வீட்டிலிருந்து மாத்திரையை வரவழையுங்கள், இரண்டு கம்பளி கொடுங்கள், குடிக்க வெந்நீர் அடிக்கடி கொடுங்கள், வலி என்றால் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கைதானவரின் உடல்நலம் காவலில் வைத்திருப்பவர் பொறுப்பு என்கிறது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 56ஆவது பிரிவு. மருத்துவர் எழுதும் அறிக்கையின் நகல் கைதானவருக்கும் தரப்பட வேண்டும் (பிரிவு 53).

பெண்களையும் 60 வயதைக் கடந்தவர்களையும் சாட்சி விசாரணைக்காக நிலையத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் இருக்கும் இடத்துக்கு நீங்கள்தான் போக வேண்டும் (அதே சன்ஹிதாவின் பிரிவு 179). கணவன் கிடைக்கவில்லை என்று மனைவியை உட்கார வைப்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

வழக்கறிஞர் வேண்டுமா என்று கேட்டு, "வேண்டாம்" என்று எழுதி ரேகை வாங்கிவிட்டால் போதாது. காவலில் இருப்பவர், பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள் எல்லோருக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு என்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். அவர் கேட்கவில்லை என்பதால் அந்த உரிமை போய்விடாது என்று 1986லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இலவச சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணை நிலையத்தின் போனிலிருந்தே அழைத்துக் கொடுங்கள்.

கடைசியாக ஜாமீன். கூடலூர், பந்தலூர் பகுதியில் ஜென்ம நில (பழைய பரம்பரை நிலவுடைமை) சிக்கலில் பட்டா இல்லாத குடும்பங்கள் ஏராளம். லைன் வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். இவர்களிடம் உள்ளூர்ச் சொத்து ஜாமீன் கேட்டால் ஜாமீன் கிடைத்த பிறகும் சிறையில்தான் இருப்பார்கள். வேறு மாவட்டத்து ஜாமீன்தாரர் என்பதற்காக மறுக்கக் கூடாது என்று 1978இலும், உள்ளூர் ஜாமீன்தாரரை வலியுறுத்துவதைத் தவிர்க்கச் சொல்லி 2023 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. முடிவு நடுவருடையது. ஆனால் ஜாமீன்தாரரைச் சரிபார்க்கும் தாள் உங்கள் மேசைக்கு வருகிறது. வந்த நாளிலேயே பார்த்து அனுப்புங்கள். "வெளியூர் ஆள்" என்று ஆட்சேபம் எழுதாதீர்கள். ஜாமீனில் விடக்கூடிய குற்றமாக இருந்து, ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்றால், அவரை ஏழையாகக் கருதிச் சொந்தப் பிணையில் விட வேண்டும் என்கிறது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 478ஆவது பிரிவு. அந்த எட்டாவது நாளில் சிறையிலிருந்து யாரும் உங்களைக் கேட்கக் காத்திருக்க வேண்டாம். நடுவருக்கு நீங்களே தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
நீலகிரியில் கைதானவர்களுக்காக வழக்காடும் வழக்கறிஞர்களும் சட்டத் தன்னார்வலர்களும்