முட்டத்திலிருந்து ஒரு தொப்பி

மக்களே,

ஜூன் 1 முதல் மீன்பிடித் தடை, விசைப்படகெல்லாம் கரையில்தான். ஜூலை 31 முடிந்தால்தான் கடலுக்கு. வலை பொத்தியது போக மிச்ச நேரத்தில் பெரியம்மாவிடம் கம்பளி நூல் பின்னக் கற்றுக்கொள்கிறேன். வின்னிபெக்கில் பனிக்குள் நைட் ஷிஃப்டுக்கு நடந்து போவதாக நீ சொன்னதிலிருந்து மனசு கேட்கவில்லை. உனக்கு ஒரு தொப்பி.

40 வருஷம் வலை பிடித்த கைக்கு இது லேசாக வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வலையில் ஒவ்வொரு கண்ணிக்கும் முடிச்சு உண்டு. கடலடிப் பாறையில் மாட்டி ஒன்று அறுந்தாலும் பக்கத்து முடிச்சுகள் பிடித்துக்கொள்ளும். இதில் முடிச்சே கிடையாது. ஒரு கண்ணி இன்னொன்றுக்குள் புகுந்து நிற்கிறது, அவ்வளவுதான். ஊசியிலிருந்து ஒன்று நழுவினால் ஏணிப்படி மாதிரி அடிவரை இறங்கிவிடும். முதல் தடவை எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. பெரியம்மா குரோஷா ஊசியால் படிகளை ஒவ்வொன்றாகக் கொக்கி இழுத்து மேலே ஏற்றிவிட்டார். லேஸ் பின்னி வளர்ந்த கை அல்லவா. இப்போது அதை நானே செய்கிறேன்.

நிட், பர்ல் என்று இரண்டு பின்னல். நிட்டுக்கு நூல் ஊசியின் பின்னால், பர்லுக்கு முன்னால். ஒன்றின் முதுகுதான் மற்றது. விளிம்புக்கு இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாற்றிப் போட்டால் ரப்பர் மாதிரி இழுபடும். நூலைப் பின்னுக்குத் தள்ள மறந்து நிட் போட்டதில் ஊசிமேல் வேண்டாத சுற்று விழுந்து, 40 கண்ணி 45 ஆகி, இடையிடையே ஓட்டை. மொத்தத்தையும் பிரித்தேன், மூன்று தடவை. முடிச்சு இல்லாததால் நூல் சேதமில்லாமல் திரும்பக் கிடைத்தது. வலையில் இந்த வசதி நமக்கு ஏது!

மாதிரித் துண்டு பின்னி அளந்தேன். 10 செ.மீ.க்கு 22 கண்ணி. தலையைவிட 5 செ.மீ. குறைந்தால்தான் தொப்பி பிடித்து நிற்குமாம். உன் தலை 54 என்றால் 49க்கு 108 கண்ணி. நான்கால் வகுபடும், பின்னலும் சரியாக முடியும். அம்மா 56 இருக்கும் என்கிறாள். அப்படியானால் 112.

காதுக்கு மேலாக நெற்றியைச் சுற்றி டேப் பிடித்து அளந்து சொல். முடியைக் கொண்டை போடுவாயா, பின்னித் தொங்கவிடுவாயா, அதையும் சொல். படகு இறங்குமுன் விளிம்பையாவது முடித்துவிடுகிறேன்.

அப்பா