எழுத்தை நசுக்க வேண்டாம், பெட்டியை மாற்றுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பைத் தொடர்ந்து வாசிப்பவள் நான். புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பது என் தொழில். சென்ற வாரம் நடுப்பக்கத்தில் வந்த பெட்டிச் செய்தியை வாசிக்கவே முடியவில்லை. இடம் போதாததால் எழுத்தின் அகலத்தைக் குறைத்துத் திணித்திருக்கிறார்கள். அருமையான கட்டுரை அது. அதனால்தான் எழுதுகிறேன்.

தமிழ் எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்கினால் முதலில் அடிபடுவது சுழிகள். ‘ண’வின் சுழிகள் ஒட்டிக்கொண்டு ‘ன’ போலத் தெரியும். நிற்கும் கோடுகள் மெலிந்துவிடும், படுத்த கோடுகள் மட்டும் பழைய தடிமனிலேயே இருக்கும். கண் மங்கியவர்கள் இரண்டாவது வரியிலேயே தாளை மடித்துவிடுவார்கள்.

பெட்டியில் செய்ய எவ்வளவோ இருக்கிறது. பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் கன்ட்ரோலுடன் B விசையை அழுத்தினால் டெக்ஸ்ட் ஃப்ரேமின், அதாவது எழுத்து நிற்கும் பெட்டியின், உள் ஓர இடைவெளி, நெடுக்குப் பத்திகளின் எண்ணிக்கை, அவற்றுக்கு நடுவே விடும் இடம் எல்லாம் ஒரே இடத்தில் வந்துவிடும். ஓரத்தில் கொஞ்சம் குறைத்தாலே பல நேரம் ஒரு வரி கிடைக்கும். பெட்டியின் மூலையைப் பிடித்து இழுத்தால் பெட்டி மட்டும் மாறும், வரிகள் தாமாகவே இடம் பிடித்துக்கொள்ளும். கன்ட்ரோலை அழுத்தியபடி இழுத்தால் எழுத்தும் சேர்ந்து நசுங்கிவிடும். அவசரத்தில் இப்படி நடப்பது உண்டு.

அப்புறம், ஒடுக்கமான நெடுக்குப் பத்தியில் வரிகளை இருபுறமும் சமமாக நிறுத்தும் பழக்கம். ‘எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு’ போன்ற ஒரு சொல்லே முக்கால் வரியை எடுத்துக்கொள்கிறது. சொல் இடைவெளிக்கு இன்டிசைன் தானாக வைத்திருக்கும் அளவு 80 முதல் 133 விழுக்காடு. நம் நீளச் சொற்கள் அதற்குள் அடங்குவதில்லை, வரியின் நடுவே பெரிய ஓட்டைகள் விழுகின்றன. அங்கே மூன்று நெடுக்குப் பத்தியை இரண்டாக்கலாம். இல்லையென்றால் இடப்பக்கம் மட்டும் நேராக நிறுத்தலாம், வலப்பக்கம் ஏறி இறங்கி இருந்தால் குறையொன்றும் இல்லை.

வரி இடைவெளியில் கை வைப்பதுதான் எனக்கு அதிகம் வருத்தம். எழுத்தளவில் 120 விழுக்காடு, அதாவது 10 புள்ளி (பாயிண்ட் என்னும் அச்சு அளவு) எழுத்துக்கு 12 புள்ளி என்பது மென்பொருள் தானாகத் தரும் கணக்கு. தமிழுக்கு அதுவே குறைவு என்பது என் கருத்து. மேல்வரியின் ‘ழு’, ‘கு’ கீழே இறங்கும், கீழ்வரியின் ‘கீ’, ‘தி’ மேலே ஏறும். 13, 14 என்று வைத்தால்தான் மூச்சு விட்டு வாசிக்க முடியும். அதை 11 ஆக்கினால் மேலும் கீழும் வளையும் இந்த விசிறிகள் உரசிக்கொள்ளும்.

இத்தனையும் செய்த பிறகும் ஃப்ரேமின் மூலையில் சிவப்புக் கூட்டல் குறி நின்றால், செய்தி மிஞ்சுகிறது என்று பொருள். அதற்கு வடிவமைப்பாளரிடம் தீர்வு கிடையாது, வரியைக் குறைக்க வேண்டியது ஆசிரியர் குழு. பக்கம் முடியும் கடைசி நேரத்திலும் உதவி ஆசிரியரைக் கூப்பிட்டு, ‘சார், இரண்டு வரி வெட்டித் தாருங்கள்’ என்று கேட்கும் உரிமையை உங்கள் வடிவமைப்பாளர்களுக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பக்க வடிவமைப்பில் இருக்கும் ஒரு வாசகி