குவாண்டம் புலக் கோட்பாடு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். கைரல் அனாமலியை (வலக்கை, இடக்கைத் துகள்களின் எண்ணிக்கை வேறுபாடு மாறாது என்ற விதி குவாண்டம் விளைவால் முறிவதை) ஒரு பருவத்திலும், வெளியையும் காலத்தையும் புள்ளிகளின் வலையாகக் கொள்ளும் லாட்டிஸ் கேஜ் கோட்பாட்டில் ஃபெர்மியான்கள் (எலக்ட்ரான் போன்ற துகள்கள்) தேவைக்கு மேல் பெருகிவிடும் சிக்கலை வேறொரு பருவத்திலும் நடத்துவது வழக்கமாகிவிட்டது. இதனால் முன்னது இயற்கையின் ஆழ்ந்த உண்மை, பின்னது கணினியில் கணக்கிடுவோரின் தலைவலி என்ற எண்ணமே மாணவர்களிடம் தங்கிவிடுகிறது. இவ்விரண்டையும் ஒரே பாடமாக நடத்த வேண்டுகிறேன்.

கரும்பலகையில் ஒற்றைப் பரிமாணமே போதும். வகைக்கெழுவுக்குப் பதிலாக அண்டைப் புள்ளிகளின் வேறுபாட்டை எழுதினால் ஆற்றல் ஒரு சைன் வளைவாகிறது. உந்தம் சுழியாகும் இடத்தில் அவ்வளைவு ஏறுமுகமாக அச்சை வெட்டுகிறது. அங்கே வலப்பக்கம் செல்லும் நிறையற்ற துகள் இருக்கிறது (ஒற்றைப் பரிமாணத்தில் செல்லும் திசையே கைரல் வகை). ஆனால் லாட்டிஸில் உந்தம் வட்டமாகச் சுழன்று தொடங்கிய இடத்துக்கே வருவதால், ஏறிய வளைவு உந்த எல்லையில் இறங்குமுகமாக மீண்டும் அச்சை வெட்டியே ஆகவேண்டும். அழையா விருந்தாளியாக இடப்பக்கம் செல்லும் துகள் வந்து நிற்பது அங்கேதான். மின்புலத்தைச் செலுத்தினால் எல்லா உந்தங்களும் ஒருசேர நகர, வலப்பக்கத் துகள்கள் எத்தனை கூடுகின்றனவோ அத்தனை இடப்பக்கத் துகள்கள் குறைகின்றன. 1969இல் ஆட்லரும், பெல், ஜாக்கிவ் இருவரும் கண்ட அனாமலிக்கு வரம்புள்ள நிலைகளைக் கொண்ட லாட்டிஸ் எழுதும் ஈட்டுக்கணக்கே இந்த இரட்டிப்பு. நான்கு பரிமாணங்களில் 16 துகள்கள், வலக்கை, இடக்கை என்ற கைரல் வகை ஒவ்வொன்றுக்கும் எட்டாக. இதிலிருந்து எளிதில் தப்ப முடியாதென்று நீல்சனும் நினோமியாவும் 1981இல் நிறுவினர்.

இதற்குத் தீர்வாக லாட்டிஸ் சமன்பாட்டில் சேர்க்கும் வில்சன் உறுப்பு மிகையான 15 துகள்களுக்கும் பெரும் நிறையளித்து விலக்குகிறது. அதற்கு விலையாகக் கைரல் சமச்சீர்மையை (வலக்கை, இடக்கைத் துகள்களைத் தனித்தனியே மாற்றினாலும் விதிகள் மாறாத தன்மையை) முறிக்கிறது. புள்ளி இடைவெளி சுழியை நெருங்கும்போது அவ்வுறுப்பு மறைந்துவிடும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் ஒரு சுற்று வரைபடத்தை (துகள் ஒரு மூடிய வளையமாகச் சுற்றிவரும் ஃபெய்ன்மன் படத்தை) கணக்கிட்டால், ஆக்சியல் ஓட்டத்தின் (வலக்கை, இடக்கை ஓட்டங்களின் வேறுபாட்டின்) அழிவின்மைச் சமன்பாட்டில் அது விட்டுச்செல்லும் எச்சம் அனாமலியின் சரியான மதிப்பாகவே இருக்கிறது. கார்ஸ்டனும் ஸ்மிட்டும் 1981இல் காட்டிய இக்கணக்கைப் பயிற்சி வினாக்களில் ஒளித்துவைப்பது எனக்கு ஏற்புடையதன்று.

கைரல் சமச்சீர்மையை லாட்டிஸில் காக்கும் வழிகளான கின்ஸ்பார்க்–வில்சன் தொடர்பும் (1982), கப்லானின் டொமைன் சுவரும் (1992), லாட்டிஸிலேயே துல்லியமான கைரல் சமச்சீர்மை உண்டென்ற லூஷரின் முடிவும் (1998) அடுத்த வகுப்புக்கு ஆகட்டும். நேரம் போதாவிடில் வேறெதையேனும் குறைத்துக்கொள்ளுங்கள்; அந்த ஒரு சுற்றுக் கணக்கை மட்டும் மாணவர்கள் தம் கையாலேயே போட்டுப் பார்க்கும்படி செய்யுங்கள்.

இப்படிக்கு,
லாட்டிஸ் கணக்கீட்டில் ஈடுபட்டுள்ள ஓர் ஆய்வாளர்